திறந்த கதவுடன் ஒரு சோதனை

படகு தலைகீழாகக் கிடந்தது. பாரந்தூக்கியின் கயிறு தளர்ந்த பிறகும் ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. துறையோரம் நின்ற படகுக் கம்பெனிப் பிரதிநிதி மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு அது ஒரு குலுங்கு குலுங்கி, தானே புரண்டு, தண்ணீரை உதறிவிட்டு நிமிர்ந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். சோதனைப் பொறியாளர் மட்டும் தட்டவில்லை. சோதிக்கிறவர் கைதட்டக் கூடாது என்பது அந்த அலுவலகத்து வழக்கம், அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையில் அவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அரசாங்கம் பெரிய அளவில் எதை வாங்கினாலும் வாங்குகிறவரும் விற்கிறவரும் சேர்ந்து நன்றாக இருக்கிறது என்று சொன்னால் போதாது. இரண்டு பக்கமும் சேராத ஒருவர் சோதித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கென்றே இருந்தது அவருடைய அலுவலகம். கம்பெனிக்காரர் வாங்கித் தரும் தேநீரைக்கூட அங்கே யாரும் தொட மாட்டார்கள், ஆளுக்கொரு பிளாஸ்க் கொண்டுவருவார்கள். வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்க வாங்கப்போகும் இந்தப் படகுகள் சோதனைக்காக அவரிடம் வந்தபோது, வாங்கும் திட்டத்தின் தலைவர் யார் என்று பார்த்தார். அவருடைய சகலை. மனைவியின் தங்கை கணவன். சொந்தக்காரர் சம்பந்தப்பட்டிருந்தால் சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்த அலுவலகத்தின் முதல் விதி, புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவரே அதைப் பாடமாக எடுத்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மாமியார் வீட்டில் அவருக்கு நொட்டையார் என்று பெயர். கதவுக் கீல் கிறீச்சிடுகிறது, மேசையின் ஒரு கால் தாழ்ந்திருக்கிறது என்று போன இடத்திலெல்லாம் நொள்ளை நொட்டை சொல்லிச் சம்பாதித்த பெயர் அது. மச்சினிதான் வைத்தாள், மாமனார் சிரித்தார், அன்றிலிருந்து நிலைத்துவிட்டது. சின்ன மாப்பிள்ளைக்கு அப்படிப் பட்டப்பெயர் எதுவும் கிடையாது. அவன் வந்தால் விசிறியின் வேகத்தைக் கூட்டி வைப்பார்கள். அவன் சொன்ன ஜோக்கை அவன் போன பிறகும் சொல்லிச் சிரிப்பார்கள். அவனைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடும்போது நொட்டையாரின் மனைவியும் சேர்ந்து ஒரு கை கொடுப்பாள், அதுதான் அவருக்குத் தாங்காது. அவன் கெட்டவனாக இருந்தாலாவது நிம்மதியாகப் பொறாமைப்படலாம். பாவி, நல்லவன். பார்க்கும்போதெல்லாம் எழுந்து இடம் கொடுப்பான்.

அதனால்தான் அவர் அன்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். எல்லாம் சரியாக இருந்தது. மோட்டார் சரி, தையல் சரி, மிதவை சரி. ஆளுக்குப் பதிலாக ஏற்றியிருந்த மணல் மூட்டைகள் இருக்கைகளில் இடுப்புப் பட்டையோடு சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. அந்தச் சமர்த்தைப் பார்த்ததும் அவருக்கு மூக்கில் வியர்த்தது. வெள்ளத்திலிருந்து ஏறி வருகிறவன் எவன் இப்படி உட்காருவான்? அம்மா ஏறினாளா, பிள்ளை ஏறிற்றா என்று அத்தனை பேரும் படகின் பக்கவாட்டுக் கதவருகேதானே போய் எட்டிப் பார்ப்பார்கள்? இந்த யோசனை இரக்கத்தில் பிறந்தது என்று சொன்னால் அது பொய்.

"மூட்டையெல்லாம் அவுத்து கதவுப் பக்கமா போடுங்க. கதவு திறந்தே இருக்கட்டும்" என்றார்.

ஒத்துக்கொண்ட சோதனைமுறையில் இது இல்லை என்று பிரதிநிதி தடுத்துப் பார்த்தார். நொட்டையார் காதில் வாங்கவில்லை. மூட்டைகள் நகர நகரப் படகு சாய்ந்தது, கதவின் விளிம்பு தண்ணீரைத் தொட்டது. அதன்பிறகு யாரும் எதுவும் செய்வதற்கில்லை. உள்ளே நீர் நிரம்பிப் பக்கவாட்டில் படுத்த படகு இந்தத் தடவை நிமிரவே இல்லை. அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இத்தனை வருடத்தில் எந்தச் சோதனையும் அவருக்கு இப்படி இனித்ததில்லை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், பக்கத்து இருக்கையில் ஒரு பெண் தூங்கும் குழந்தையை மடியில் நகர்த்தி நகர்த்திப் போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் மூட்டைகள் மூட்டைகள் அல்ல என்பது அவருக்கு உறைத்தது.

மறுநாளே குட்டு வெளிப்பட்டது. கம்பெனி எப்படியோ உறவை மோப்பம் பிடித்து அலுவலகத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டது. தலைமைப் பொறியாளர் அம்மாள் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"அவர் உங்க சகலைன்னு ஏன் சொல்லலை?"

அவர் மேசையில் கிடந்த கம்பெனியின் கடிதத்தைப் பார்த்தார்.

"நீங்க கண்டுபிடிச்சது சரியாவே இருக்கலாம். ஆனா கண்டுபிடிச்சது நீங்கங்கறதாலயே அது செல்லாது. இனிமே அந்தப் படகுத்துறைப் பக்கமே நீங்க போகக் கூடாது."

பழைய முறைப்படி படகு தேறிவிட்டது, மழைக்காலத்துக்கு முன்பே முதல் தொகுதி போய்விடும் என்றார் அவர். புதிதாக ஒரு சோதனை சேர்க்க வேண்டுமானால் வாங்குகிற பக்கத்திலிருந்து திட்டத் தலைவரே கேட்க வேண்டும். தன் திட்டத்தைத் தானே எந்தத் தலைவர் தள்ளிப்போடுவார் என்றும் கேட்டார். நொட்டையார் முதலிலேயே வாயைத் திறந்து உறவைச் சொல்லியிருந்தால், வேறொரு சோதனையாளர் போயிருப்பார், அவருக்கு இந்தக் கதவு தோன்றியும் இருக்கலாம், தோன்றாமலும் போயிருக்கலாம். இரண்டில் எதை நினைத்தாலும் நொட்டையாருக்கு ஆறவில்லை.

அன்று சாயங்காலமே சகலை வீட்டு அழைப்புமணியை அழுத்தினார். அவனே கதவைத் திறந்தான், எழுந்து இடம் கொடுக்கிற அதே முகத்தோடு. கம்பெனி அவனுக்கும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தது. மச்சினி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். நொட்டையார் அந்த வீட்டில் குறை தேடவில்லை, அதுவே பெரிய மாறுதல்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. எம்மேல உங்களுக்குப் பொறாமையா?"

"ஆமா."

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. "அப்ப அந்தக் கதவு?" என்றான்.

"அது நிஜம், சகலை. ஒரு தடவை திறந்துவெச்சுப் பாருங்க. நான் பக்கத்துல இருக்க மாட்டேன்."

சகலை அந்தச் சோதனையைக் கேட்டு வாங்கினான். மறுசோதனை அன்று வேறொரு பொறியாளர் வந்திருந்தார். நொட்டையார் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு, துறைக்கு வெளியே கம்பி வேலிக்கு இப்பால் நின்றார். படகு நிமிர்ந்தே நின்றால் அவர் பொறாமை பிடித்த பொய்யர். சாய்ந்தால் சகலையின் திட்டம் படுத்துவிடும், ஆனால் குறையைக் கண்டுபிடித்த பேரும் சகலைக்குத்தான். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமலே கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். படகு சாய்ந்தது. உள்ளே யாரோ படம் எடுத்தார்கள். சகலை தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான், திரும்பி வேலிப் பக்கம் பார்க்கவில்லை.

கொள்முதல் நிறுத்தப்பட்டது. தன் திட்டத்தைத் தானே நிறுத்திய அதிகாரி என்று செய்தியில் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே இல்லை. அவன் இரண்டு தடவை, அது நான் மட்டும் செய்ததில்லை என்று ஆரம்பித்தான். அந்த அடக்கத்தையும் சேர்த்துப் பாராட்டினார்கள். மேற்கொண்டு அவனாலும் சொல்ல முடியாது, நொட்டையாராலும் முடியாது. திறந்த கதவு நொட்டையாருடைய யோசனை என்று பேச்சு பரவினால், சொந்தக்காரர் கண்டுபிடித்தது என்று அந்தச் சோதனை மறுபடியும் செல்லாமல் போய்விடும்.

"குத்தம் கண்டுபிடிக்கறதுன்னா இப்படிக் கண்டுபிடிக்கணும், மாப்பிள்ளை" என்று மாமியார் பெரிய மாப்பிள்ளையிடம் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் ஆமாம் அத்தை என்றார். மனைவி அவருடைய டம்ளரில் கேட்காமலே தண்ணீர் ஊற்றினாள்.

மாமியார் செய்தியில் வந்த படத்தை செல்போனில் எடுத்து மேசையில் வைத்தார். கவிழ்ந்த படகு, முன்னால் சகலை, தூரத்தில் வேலி, வேலிக்குப் பின்னால் கம்பியைப் பிடித்தபடி சின்னதாக ஓர் ஆள். சகலையும் நொட்டையாரும் ஒரே நேரத்தில் அந்த ஆளைப் பார்த்தார்கள். "முகம் எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு பாருங்க" என்று மாமியார் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். சகலையின் முகம் திரை முழுக்க விரிந்தது. வேலி ஓரத்துக்கு நகர்ந்து, கம்பிகள் ஒவ்வொன்றாக வெளியேறி, கடைசியில் அந்த ஆளும் திரையை விட்டுப் போனார்.