நாமினி

“அண்ணனுக்கு ஒண்ணு ஆயிட்டா பணம் யார் கைக்குப் போவணும் அண்ணி?” என்று கேட்டு முடித்த பிறகுதான், விடியலில் கடலுக்குப் போன அண்ணன் அரவிந்தன் இன்னும் கரைக்கு வரவில்லை என்பது அனுவுக்கு உறைத்தது.

மணலில் நெத்திலியைப் பரப்பிக்கொண்டிருந்த அண்ணி வேண்டாவின் கை அப்படியே நின்றது.

படகு தண்ணீரில் இருக்கும்போது கடப்பாக்கத்தை ஒட்டிய அந்தக் குப்பத்தில் எந்தப் பெண்ணும் சாவைப் பற்றி வாய் திறப்பதில்லை. பக்கத்து ஊர்த் துக்கச் செய்தியைக்கூடப் படகுகள் திரும்பிய பிறகுதான் சொல்வார்கள். அனு அதற்குள்ளேயே வளர்ந்தவள். எப்படி மறந்தாள்?

பல்கலைக்கழகத்தில் நிதி மேலாண்மை எடுத்து எம்.பி.ஏ. படித்தபோது, பேராசிரியர் அபாயத்தைக் கரும்பலகையில் மணி போன்ற வளைவாக வரைவார். ஓரத்தில் மெலிந்து இறங்கும் கோட்டைச் சாக்பீஸால் தட்டி, இதெல்லாம் அரிது என்பார். அந்த ஓரத்தில் இருப்பது யாருடைய அண்ணன் என்று வகுப்பில் ஒருவரும் கேட்டதில்லை. தோழிகள் வங்கிக்கும் பங்குத் தரகு நிறுவனங்களுக்கும் போனார்கள். அனுவுக்குக் கிடைத்தது புதிதாக வந்திருந்த ஒரு தனியார் இன்சூரன்ஸ் கம்பெனியின் செங்கல்பட்டுக் கிளை. கிராமங்களிலும் குறிப்பிட்ட அளவு பாலிசி சேர்த்தாக வேண்டும். “உங்க ஊர்லேர்ந்தே ஆரம்பிம்மா. வெளியாள் போனா யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டா. மார்ச்சுக்குள்ள முடிச்சா உன்னைக் கன்ஃபர்ம் பண்ணிடலாம்” என்றார் மேலாளர் ஸ்ரீனிவாசராகவன்.

அவள் வீட்டிலிருந்தே ஆரம்பித்தாள். நேற்று மாலை அரவிந்தன் சிரித்துக்கொண்டேதான் பாலிசிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டான். “செத்தாதான் துட்டா? உயிரோட கீறதுக்கு இன்னா குடுப்பீங்க?” நாமினி யார் என்றதும் எழுந்துவிட்டான். “அம்மா பேரா, எம் பொஞ்சாதி பேரா, நீங்களே பேசி முடிவு பண்ணிக்கோங்க. என்னிய நடுவுல மாட்டி வுடாத.”

அடுப்படியிலிருந்து அம்மா சொர்ணம் வெளியே வந்தாள். கேட்டுவிட்டிருந்தாள்.

“ஆம்பள தண்ணியில கீற சொல்ல இன்னாடி பேச்சு இது? போய் வாயக் கழுவு.”

அனு குடத்துத் தண்ணீரை மொண்டு, சிறு பிள்ளையைப் போல வாயைக் கொப்பளித்துத் துப்பினாள்.

வெயில் உச்சிக்கு ஏறியது. மற்ற படகுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. “காத்து திரும்பிக்கீது. மரக்காணம் பக்கமா ஒதுங்கியிருப்பாங்க” என்றாள் பக்கத்து வீட்டுப் பூவாயி. சொல்லும்போது அனுவின் முகத்தைப் பார்க்காமல் இருந்தாள். அனு கேட்ட கேள்வி அதற்குள் அவளுக்கும் தெரிந்துவிட்டது.

சொல்லுக்கும் காற்றுக்கும் தொடர்பில்லை. ஒன்றையொன்று சாராத நிகழ்வுகள் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் அவள். ஆனாலும் குடத்துக்குப் போய் இன்னொரு முறை வாயைக் கொப்பளித்தாள். அப்போது மனத்தில் இன்னொரு எண்ணம் தானாக எழுந்தது: முதல் தவணை இன்னும் கட்டவில்லை, இன்று ஏதாவது ஆனால் கம்பெனி ஒன்றும் தராது. பதற்றமே இல்லாத, தெளிவான குரலில் அது வந்தது. கடலுக்குப் பயந்துகொண்டிருந்த அனு அந்தக் குரலைக் கேட்டு இன்னும் பயந்தாள். படித்து வாங்கிவந்தது இதைத்தானா? இனி இதோடுதான் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் உட்கார வேண்டுமா?

அலை ஓரத்தில் பெண்கள் கூடினார்கள். அனு தள்ளியே நின்றாள். வேண்டாதான் அவளிடம் வந்தாள். கண் கடலிலேயே இருந்தது.

“எம் பேரு எழுதாத அனு. அத்த பேரும் வோணாம். அந்த எடத்த அப்படியே வுட்டுரு.”

“சரி அண்ணி.”

தெற்கே, வெயிலில் கண் கூசும் தண்ணீரில் கறுப்பாக ஒன்று எழும்பியது. அலை இறங்கியபோது மறைந்து மீண்டும் எழும்பியது. அது படகுதானா என்று தெளியும் முன் யாரும் கையை நீட்டிக் காட்டவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. வேண்டாவின் விரல்கள் அனுவின் மணிக்கட்டை இறுக்கின. அந்தக் கறுப்பு மறையும்போதெல்லாம் பிடி இன்னும் இறுகியது.