படத்தை மறைக்கும் தூண்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருத்தணியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மழை பிடித்தது. பக்கத்துச் சத்திரத்தில் ஒதுங்கினேன். கூடத்துச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு மீசைக்காரரைத் தீட்டியிருந்தார்கள். படத்தின் மறுபாதியை, கூடத்தின் நடுவில் நின்ற கருங்கல் தூண் ஒன்று மறைத்தது. எவனோ இந்தக் கம்பீரத்தைப் பாதியாக வெட்டியிருக்கிறான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். யார் என்று விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவே நானே ஒருவனை உண்டாக்க வேண்டியதாயிற்று.

2

1946ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், முருகப்பெருமான் அருள்பாலிக்கும் இப்புண்ணியத் தலத்தில்...

(வேண்டாம். இப்படித் தொடங்கினால் சுண்டல் கொடுத்தால்தான் வாசகர் உட்காருவார்.)

பரசுராமனுக்கு இருபது வயது. இன்டர்மீடியட் தேறியவன். கிண்டியில் என்ஜினீயரிங் படிக்க வேண்டும். விண்ணப்பம் தயார். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் 'நன்னடத்தை உள்ளவன்' என்று கையெழுத்திடுவது மட்டும் பாக்கி. அவனுக்குத் தெரிந்த ஒரே பெரிய மனிதர் சின்னசாமி. அவர் கட்டும் சத்திரத்துக்குத்தான் அவனுடைய அப்பா முனியன் சுண்ணாம்பு சுமந்தான்.

(அவனை ஏழையாக வைத்தது மலிவான உத்திதான். பணக்காரனாக்கியும் பார்த்தேன். கையெழுத்து வீடு தேடி வந்துவிட்டது, கதை வரவில்லை.)

3

நாளை மறுநாள் சத்திரத் திறப்பு. மாடியில் நாற்பது பிரமுகர்கள். கீழே கூடத்தில் அன்னதானப் பந்தி. பரசுராமன் காகிதத்தோடு போனபோது, நடுத்தூணை எடுத்து வாசலில் கிடத்தியிருந்தார்கள். சின்னசாமியின் படத்தை மறைக்கிறதாம். சுவரிலேயே தீட்டிய படம், நகர்த்தவும் முடியாது.

சின்னசாமி பேனாவைத் திறந்தார்.

"ஒரு சேதிங்க," என்றான் பரசுராமன். "மலைக்கோயில்ல நீங்க துலாபாரம் குடுத்தப்ப எவ்ளோ வெல்லம் ஆச்சுங்க?"

"ஏழு மணங்கு." மார்பு கொஞ்சம் விரிந்தது. "ஊரே பாத்துகினு இருந்துச்சு."

"மேல அந்த மாதிரி நாப்பது பேருங்க. இருநூத்தி எம்பது மணங்கு வெல்லத்த ஏத்தின மாதிரி. நடுத்தூண் இல்லாம உத்திரம் தாங்காதுங்க. இப்பவே விரல் தடிமனுக்குத் தொங்கிகினு இருக்குது."

முனியன் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தான். "டேய், மொதல்ல கையெழுத்த வாங்குடா. அப்பால சொல்லிக்கலாம்."

"அப்பால சொன்னா ஏமாத்தின மாதிரி ஆவும், நைனா."

சின்னசாமி பேனாவை மூடினார். "இன்னும் படிக்கவே போவல, அதுக்குள்ள என்ஜினீயரா? மேஸ்திரி தாங்கும்னு சொல்றான்."

"அவரு உங்களுக்குப் பயந்துகினு சொல்றாருங்க."

"உனக்குப் பயம் இல்லியா?"

"ஆங், இருக்குதுங்க. ஆனா கீழ பந்தில எங்கம்மாவும் குந்தும்."

4

இந்த இடத்தில் சின்னசாமியை நன்றாகக் கிழித்திருந்தேன். 'தன் மீசையைத் தானே சேவிக்க வாசலைத் திறந்துவைத்த அந்த...' என்று ஒரு வாக்கியம் பாதியில் நிற்கிறது. அதை முடிக்க முடியாததற்கான காரணத்தை உங்களிடம் மறைத்துவிட்டேன். அன்று மழை விட்டபின், சும்மாதான், தூணுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். அங்கே, மீசைக்காரருக்குப் பக்கத்து நாற்காலியில், ஓர் அம்மாள். காலடியில் எழுதியிருந்தது: கௌரியம்மாள் நினைவாக.

"வாசல்லேர்ந்து பாத்தா எங்க வூட்டுக்காரி முகம் தெரியணும்டா." சின்னசாமியின் குரல் இறங்கியிருந்தது. "அதுக்கோசரம்தான் இந்தச் சத்திரமே."

பரசுராமன் படத்தைப் பார்த்தான். உத்திரத்தைப் பார்த்தான்.

"தூண் வேணுங்க," என்றான், மெதுவாக.

5

தூண் இருக்கிறது. நானே சாய்ந்து நின்றேன். ஆகவே அவன் சொன்னதை அவர் கேட்டார். அதற்குமேல் எனக்குத் தெரியாது.

தூணை நிமிர்த்திய கையோடு கையெழுத்தும் போட்டார் என்று எழுதினேன். அடித்துவிட்டேன், நான் அவ்வளவு நல்லவனல்ல. தூணை நட்டுக் காகிதத்தைக் கிழித்தார் என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டேன், அவர் அவ்வளவு கெட்டவரல்ல. மனைவியின் முகத்தை மறைத்த பையன் அவன். நாற்பது பேரையும் ஒரு பந்தியையும் காப்பாற்றியவனும் அவனே.

விண்ணப்பம் நாளைத் தபாலில் போயாக வேண்டும். காகிதத்தை அப்படியே கீழே வைக்கிறேன். முனியன் வாசலில் நிற்கிறான். பேனா உங்களிடம்.

*மேற்படி முனியன் மகன் பரசுராமன் நன்னடத்தை உள்ளவன் என்று அத்தாட்சி அளிக்கிறேன்.*

*(ஒப்பம்)* ........................