ஓடீல் வீட்டில் வடியாத தண்ணீர்

"மோட்டாரைத் தூக்கிக்கிட்டு வெளிய போ, அல்சீட்."

"அண்ணி, நான் சொல்றதைக் கேளுங்க. நான் ஏரியில புடிக்கிற நண்டை வாங்க வர்றவன் இந்தத் தெரு நாத்தத்துக்கே..."

"மூக்கைப் பொத்திக்கிட்டு வரச் சொல்லு."

"...பாதி வழியில திரும்பிடறான்."

புயல் வெள்ளம் நியூ ஆர்லியன்ஸ் முழுக்க வடிந்த பிறகும் ஓடீல் வீட்டுக்குள் மட்டும் தண்ணீர் மார்பளவு நின்றது. கதவைத் திறந்துபோட்டாலும் வாசற்படி தாண்டி ஒரு சொட்டு வராது. தபால்காரர் கடிதங்களைத் தண்ணீர்மேல் வைத்துவிட்டுப் போவார். அவை மிதந்து மாடிப்படிக்குப் போய்ச் சேரும். ஓடீல் மாடியில் இருந்தாள். வெள்ளத்தன்று படகை அவிழ்க்கக் கீழே இறங்கிய அவள் கணவன் நூமா, அல்சீடின் அண்ணன், திரும்பி ஏறவில்லை. ஊரில் தேங்கிய பெட்ரோல், பெயிண்ட், சாக்கடை எல்லாவற்றையும் பெரிய பம்புகள் ஊரை ஒட்டிய ஏரிக்குள் இறைத்தபோது அவனும் அதோடு போயிருப்பான் என்று ஊர் முடிவு கட்டியது.

ஏரி கறுத்தது, பிறகு யாரும் எண்ணாத வேகத்தில் தெளிந்தது. சோதனைக்குப் புட்டியில் நீர் எடுத்துப் போனவர்கள் இனி நீந்தலாம் என்றார்கள். பெலிக்கன்கள் திரும்பின. ஏரி தெளியத் தெளிய ஓடீல் வீட்டுத் தண்ணீர் கறுத்தது. முதலில் பெட்ரோல் வந்தது, பிறகு பெயிண்ட். ஒரு திங்கட்கிழமை, மாடியில் அவள் சிவப்புப் பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருக்கையில், வெள்ளம் கொண்டுபோன அடுத்த தெருக்காரரின் குளிர்சாதனப்பெட்டி, கதவில் ஒட்டிய டேப்கூடப் பிரியாமல், கீழே சமையலறைத் தொட்டியின் ஓட்டை வழியாக ஏறி வந்தது. அவர் வந்து வாங்கிப்போனார், கீறல் விழுந்திருக்கிறதே என்று முணுமுணுத்தபடி. அதன்பின் வருடக்கணக்காக அக்கம்பக்கத்தார் வாசலில் நின்று, "எங்க கார் சாவி வந்துச்சா, ஓடீல்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. இறைத்ததை எல்லாம் ஏரி திருப்பித் தருகிறது, நூமாவையும் தரும் என்று அவள் காத்திருந்தாள். தண்ணீரை இறைத்துவிட்டால் அவன் எங்கே வந்து சேர்வான்?

அல்சீட் குழாயை வாசற்படியோரம் போட்டான்.

"ஏரி சுத்தமாயிடுச்சு, அண்ணி. சோதனை பண்ணிட்டாங்க. இனி அதுலேர்ந்து வர ஒண்ணுமே பாக்கியில்ல."

"உங்கண்ணன் இன்னும் வரல."

"நான் என்ன செய்ய? அதுல இல்லைங்கறாங்க."

அவன் மோட்டாரின் கயிற்றைப் பிடித்துக் குனிந்தான். ஓடீல் மாடிப்படியில் இரண்டு படி கீழே இறங்கினாள்.

"அப்ப சொல்லு. இந்த வருஷம் உன் நண்டெல்லாம் எதைத் தின்னு இப்படிக் கொழுத்திருக்கு?"