வாய்வரை போன விசில்

கனிசியஸ் விசிலை வாயில் கவ்விக்கொண்டு ஓடுகிற நடுவர் அல்லர். கையில்தான் வைத்திருப்பார். கையிலிருந்து வாய்க்குப் போகிற நொடியில் புத்தி ஒருதரம் யோசித்துக்கொள்ளும் என்று கொழும்பில் நடந்த பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். பத்தொன்பது வருசமாக அவருடைய புத்தியும் ஒழுங்காக யோசித்துத்தான் வந்தது. குருநகர் தொடக்கம் புத்தூர்வரை பந்து விளையாடுகிற பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தக் கை பழக்கம். கனிசியஸ் சேரின் கை மேலே போனால் ஆட்டம் நின்றுவிட்டது என்று அர்த்தம். சத்தம் வருமுன்பே காலை அடக்கிவிடுவார்கள்.

பந்து தெரிந்த பிள்ளைக்குக் கனிசியஸ் ஊதுகிற மைதானம் தாய்மடி என்று கழகக்காரர் சொல்வார்கள். அது வெறும் முகத்துதி இல்லை. முரட்டுக் கால் ஒன்று இறங்கியிருக்கிறது என்று கண்டால் முதல் பத்து நிமிடத்துக்குள்ளேயே மஞ்சள் அட்டையைக் காட்டிவிடுவார். ஆளை ஏய்த்து வெட்டிப் பந்தைக் கொண்டுபோகத் தெரியாதவன், தெரிந்தவனின் காலைத்தான் தேடுவான். பாவம், அவனுக்கு வேறு தொழில் தெரியாது. அவனை மறிக்கத்தான் மைதானத்தில் நடுவர் என்று ஒருவன் நிற்கிறான். இது கனிசியஸின் கட்சி. இதற்காக வாங்கிய பேச்சும் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒலிபெருக்கியில் வர்ணனை சொல்கிறவர்கள்கூட அவரை நக்கலடித்திருக்கிறார்கள். அவர் அசைந்து கொடுத்ததில்லை.

புத்தூர் மயூரதனுக்குப் பதினேழு வயது. வெங்காயத் தோட்டக்காரரின் மகன். கால் இரண்டும் முருங்கைக்காய் மாதிரி. ஆனால் அந்தக் காலில் பந்து பட்டால் வாயில் கச்சான் கடலை போட்டவன் மெல்ல மறந்துபோவான். பத்தொன்பது வயதுக்குட்பட்ட தேசிய அணித் தெரிவுக்கு அடுத்த மாதம் கொழும்புக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. அதற்கு முன் அவன் ஆடிய கடைசி ஆட்டம் மானிப்பாய்ப் பக்கத்து மைதானமொன்றில் நடந்த அரையிறுதி. ஊதியவர் கனிசியஸ்.

இரண்டாம் பாதியில், மைதானத்தின் நடுக்கோட்டில் ஒருவன் பின்னாலிருந்து மயூரதனின் குதிக்காலில் உதைத்தான். சந்தேகமே இல்லாத பிழை. கனிசியஸின் கை மேலே போனது. விசில் உதட்டில் பட்டது. பையன் தடுமாறினான், விழவில்லை. தடுமாறின வாக்கிலேயே வெளிக்காலால் பந்தைத் தட்டி, முன்னால் வந்த இன்னொருவனை ஒருபக்கமாகவும் பந்தை மறுபக்கமாகவும் அனுப்பிவிட்டான். கனிசியஸ் தன் பத்தொன்பது வருசத்தில் அப்படியொன்றைக் கண்டதில்லை. விசில் உதட்டிலேயே நின்றது. பிறகு கை கீழே இறங்கியது. "விளையாடு" என்றார். மிஞ்சிப்போனால் இரண்டு நொடி. அதற்குள் எதிரணியின் பின்களத்தில் ஆடிய றஞ்சித் சறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. கணுக்கால் மூட்டும் போனது. நடப்பான், அதில் பயமில்லை, பந்து விளையாட்டை மட்டும் மறந்துவிடச் சொல்லுங்கள் என்று ஆசுபத்திரியில் டொக்டர் தாயிடம் சொன்னாராம்.

அன்றிலிருந்து கனிசியஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் விசயமே. காலையில் எழும்பினார். கடற்றொழிலாளர் சங்கக் கந்தோரில் போய் இருந்து படிவம் நிரப்பினார். மத்தியானம் மனைவி அற்புதராணி கட்டிக்கொடுத்த சோற்றைத் தின்றார். ஒருநாள் அவள் குழம்புக்கு உப்புப் போட மறந்துபோனாள். அவர் வழித்துத் தின்றுவிட்டு வந்தார். அவளே பின்னேரம் சட்டியில் நக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல உடம்பு முழுவதும் இருந்தது. கிள்ளினாலும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்காலில் நின்றார், எழும்பினார். என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

றஞ்சித்துக்கு அன்றைக்கே சிவப்பு அட்டை. அவனும் கல்நெஞ்சன் இல்லை. மூன்றாம் நாள் வீடு தேடி வந்து வாசலில் நின்றான்.

"அண்ணை, நான் பந்தை மட்டும்தான் பாத்துக்கொண்டு வந்தனான். உங்கடை கை மேலை போனதோ?"

"இல்லை" என்றார் கனிசியஸ்.

"அப்ப சரி அண்ணை. கையைக் கண்டும் அடிச்சனானோ எண்டு எனக்கு நித்திரையில்லை." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

நடுவர் சங்கத்தில் மூன்று பேர் கூடி விசாரித்தார்கள். யாரோ போனில் எடுத்த வீடியோவை நாலுதரம் ஓட்டிப் பார்த்தார்கள். அதில் மயூரதன் மட்டும்தான் தெரிந்தான், கனிசியஸ் இல்லை. அடி விழுந்தாலும் பந்து அவனிடமே இருந்தால் ஆட்டத்தை ஓடவிடலாம் என்பது சட்டம். "உம்மிலை ஒரு பிழையுமில்லை, கனிசியஸ். புத்தகத்திலை உள்ளபடிதான் செய்திருக்கிறீர்" என்றார் தலைவர் வின்சன்ற். கேட்டதற்கெல்லாம் கனிசியஸ் பதில் சொன்னார். விசில் வாய்க்குப் போனதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு யார்தான் பதில் சொல்வார்கள்?

ஆனால் மயூரதன் கண்டிருந்தான். உதை வாங்கித் தடுமாறி நிமிர்ந்தபோது அவன் கண் நேரே கனிசியஸின் கையில்தான் வந்து நின்றது. அது கனிசியஸுக்குத் தெரியும். மற்ற எல்லோருடைய கண்ணும் பந்தில்தான் இருந்தது, ஆகவே உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த விசயம். அவன் ஏன் வாயைத் திறக்காமல் இருக்கிறான் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

மூன்றாம் வாரம் குணலட்சுமி போன் எடுத்தாள். மயூரதனின் தாய். "சேர், தம்பியை வீட்டை கொண்டந்திட்டம். உங்களை ஒருக்கா வரட்டாம்." அவ்வளவுதான். அவர் வருகிறேன் என்றார். நாலு நாள் போகவில்லை.

"என்னப்பா, பெடியன் கூப்பிட்டிருக்கிறான். போய்ப் பாத்திட்டு வாங்கோவன்" என்றாள் அற்புதராணி. "பிழையில்லை எண்டு எழுதியே தந்திட்டினம். பிறகென்ன பயம்?"

அதுதான் பயம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? றஞ்சித்திடம் சொன்ன பொய் ஒருவகையில் மருந்து. அவன் நித்திரை கொள்கிறான். அதே பொய்யைக் கண்டவனிடமே போய்ச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மை பொய்யைவிடக் கேவலமாக இருந்தது. சனிக்கிழமை மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு பருத்தித்துறை வீதியால் போனார். வழிநெடுகச் சட்டத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனார். பந்து உன்னிடம்தான் இருந்தது, முன்னால் வெளி இருந்தது, ஊதியிருந்தால் உனக்குத்தான் நட்டம். சொல்லச் சொல்ல அது நன்றாகத்தான் இருந்தது.

குணலட்சுமி கதிரையைத் துடைத்துப் போட்டாள். "இருங்கோ சேர், தேத்தண்ணி போடுறன்" என்று குசினிக்குள் போனாள். கோபத்தின் சுவடுகூட அவளிடம் இல்லை. அவள் ஏசியிருந்தால் கனிசியஸ் நன்றி சொல்லியிருப்பார்.

மயூரதன் யன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தான். காலில் இரும்புக் கம்பிகள் இறக்கியிருந்தார்கள். முகத்தில் அரும்பு மீசை கொஞ்சம் கூடியிருந்தது.

"சேர், வந்திட்டீங்கள்" என்றான்.

"ஓம், தம்பி. கால் நோ எப்பிடி?"

"பரவாயில்லை." கொஞ்சநேரம் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சேர், ஒண்டு கேக்கவேணும். கோவிக்கக்கூடாது. விசில் வாயிலை பட்டதைக் கண்டனான். ஏன் ஊதேல்லை?"

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. கணக்கில் ஒரு வரி விளங்காத பிள்ளை வகுப்பில் கேட்கிற மாதிரிக் கேட்டான். கனிசியஸ் வாயைத் திறந்தார்.

"பந்து உன்னட்டைத்தான் இருந்தது தம்பி. முன்னாலை வெளி..." அதற்கு மேல் அந்த நல்ல வசனம் வரவில்லை. குசினியில் கேத்தில் மூடி ஆடுகிற சத்தம் கேட்டது. "இல்லை. நான் சட்டத்தை யோசிக்கேல்லை. நீ அவனை வெட்டின வெட்டைக் கண்டிட்டன். அடுத்தது என்ன செய்வாய் எண்டு பாக்க ஆசையாக் கிடந்தது. அதுதான் ஊதேல்லை."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வாழ்நாள் முழுவதும் அடிக்கிறவனிடமிருந்து காப்பாற்றத் தெரிந்தவருக்கு, ரசிக்கிறவனிடமிருந்து காப்பாற்றத் தெரியவில்லை. ரசித்தவனும் அவர்தான்.

மயூரதன் கேட்டான்.

"என்ன செய்வன் எண்டு நினைச்சனீங்கள், சேர்?"

"வலப்பக்கம் காட்டிப்போட்டு இடக்காலாலை கோலுக்கு அடிப்பாய் எண்டு."

"இல்லை சேர்." அவன் நிமிர்ந்து உட்காரப் பார்த்து, முடியாமல் மறுபடி சாய்ந்தான். "றஞ்சித் அண்ணை சறுக்கி வாறதைக் கண்டனான். பந்தை அவரின்ரை காலுக்கு மேலாலை சாடையாத் தூக்கிப்போட்டு, நானும் மேலாலை பாயலாம் எண்டு கால் வெளிக்கிட்டிட்டுது. உங்கடை கையைக் கண்டாப்போலைதான் நிண்டனான்."

குணலட்சுமி தேத்தண்ணியோடு வந்து, இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு, கோப்பையை வைத்துப் போனாள். கனிசியஸ் அதைக் கையில் எடுத்தார். கொதிக்கக் கொதிக்க இருந்த கோப்பை உள்ளங்கையைச் சுட்டது. கீழே வைக்க அவருக்குத் தோன்றவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று மெல்ல நோகத் தொடங்கியிருந்தது.

"அது வடிவா இருந்திருக்கும்" என்றார் கடைசியில்.

"ஓம் சேர்" என்றான் மயூரதன். "நான் அதை முந்தி ஒருக்காலும் செய்து பாக்கேல்லை."