பதினோரு அர்த்தங்கள்

சுதாராணிக்கு இங்கிலீஷ் தெரியும். கோவில்பட்டி மெயின் ரோட்டில் அவள் அப்பா ராஜமணியின் பாத்திரக்கடைக்கு வந்து போகிற எல்லாருக்கும் இந்தச் சங்கதி தெரியும். தெரியாதவர்களுக்கு ராஜமணியே குடத்தை எடை போட்டுக்கொண்டே சொல்லிவிடுவார். தந்தி வந்தாலும், கோர்ட்டிலிருந்து காகிதம் வந்தாலும் அக்கம்பக்கத்தார் நேரே கடைப்படி ஏறுவார்கள். அவள் வாசித்து அர்த்தம் சொல்வாள். அஞ்சல் வழியில் இங்கிலீஷ் எம்.ஏ. முடித்தவள். வயது இருபத்தாறு. பேங்க் பரீட்சையை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கணக்கில் கவிழ்ந்தவள். அதனால் என்ன, கணக்கு எந்தக் கழுதைக்கும் வரும், இங்கிலீஷ் வருமா என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஊரில் அவளுக்கென்று இருந்த மரியாதை அந்த ஒன்றில்தான் நின்றுகொண்டிருந்தது.

கடை மாடியில் ஒரு அறை காலியாகக் கிடந்தது. பரீட்சைக்குப் படிக்கிற நாலு பேர் அங்கே கூடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் வார்த்தைப் போட்டி உண்டு. கஷ்டமான இங்கிலீஷ் வார்த்தைகளைச் சீட்டில் எழுதி ஒரு தூக்குவாளியில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அதிக வார்த்தைக்கு அர்த்தம் சொன்னவருக்கு மற்றவர்கள் டீயும் வடையும் வாங்கித் தர வேண்டும். ஒரு வருஷமாக அந்த வடையைச் சுதாராணி ஒருத்திதான் தின்றுகொண்டிருந்தாள்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஐப்பசியில் முத்துசெல்வி வந்து சேர்ந்தாள். அவளுக்கு ஊர் எப்போதும்வென்றான். ஊர்ப் பேரைக் கேட்டபோதே சுதாராணி சுதாரித்திருக்க வேண்டும், சுதாரிக்கவில்லை. தமிழ் மீடியத்தில் படித்து பி.எஸ்ஸி. முடித்த பெண். அப்பா கடற்கரை என்பவருக்கு நாற்பது ஆடும் கொஞ்சம் கரிசல் காடும் இருந்தன. தூத்துக்குடி பஸ்ஸில் வந்து இறங்கி, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, ஓரமாக உட்கார்ந்து, எல்லாரையும் ‘அண்ணாச்சி, அக்கா’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். முதல் ஞாயிறு ஐம்பதில் ஆறு வார்த்தை சொன்னாள். சுதாராணிக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

நாலாவது ஞாயிறு முத்துசெல்வி இருபத்தெட்டு சொன்னாள். ஏழாவது ஞாயிறு நாற்பத்தைந்து. சுதாராணி நாற்பத்துமூன்று.

“ஏட்டி, எப்படி ஞாபகம் வச்சுக்கிடுத?” என்று கேட்டான் யோகராஜ். அவனும் மாடியில் படிக்கிறவன்தான்.

முத்துசெல்விக்கு வெட்கம் வந்துவிட்டது. “சிரிக்கப்படாது அண்ணாச்சி. எங்க ஆடுகளுக்குப் பேரு வச்சிருக்கேன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம் இருக்குல்லா? எந்நேரமும் தின்னுக்கிட்டே இருக்க ஆட்டுக்கு வொரேஷியஸ்னு வச்சேன். சும்மா சும்மா முட்ட வார கிடாய்க்கு பெலிஜரண்ட். நாள் முழுக்க கூப்பிட்டு மேய்க்கேன், பெறகு எப்படி மறக்கும்?”

அறையே சிரித்தது. சுதாராணியும் சிரித்தாள். இவள் கதை ஊர் சிரிக்கிற கதையாகத்தான் போகும் என்று நினைத்து, தானே இறங்கிப்போய் அப்பாவிடமும் பக்கத்துக் கடைகளிலும் சொன்னாள். அது அவள் கையால் அவளே வைத்துக்கொண்ட வினை. “கெட்டிக்காரப் புள்ள!” என்றார் ராஜமணி. பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் வேல்சாமி அந்தப் பெண்ணைப் பார்க்கவே ஒருநாள் மாடியேறி வந்தார். இங்கிலீஷில் இருந்த பழைய வீட்டுப் பத்திரம் ஒன்றைக் கையோடு கொண்டுவந்தவர், சுதாராணியைத் தாண்டி முத்துசெல்வியிடம் நீட்டினார். “நீயும் ஒருக்கப் பாரும்மா” என்றார்.

அன்றைக்குச் சுதாராணிக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு எரிந்தது. எம்.ஏ. படித்தவள் இங்கே குத்துக்கல்லாக இருக்க, ஆடு மேய்க்கிறவளிடம் பத்திரத்தை நீட்டுகிறார் மனுஷன். அந்தப் பெண்ணின் உச்சரிப்பு வேறு ஒரு லட்சணத்திலும் சேர்த்தியில்லை. ஆனால் அர்த்தம் என்னவோ சரியாகத்தான் இருந்தது. அதுதான் சுதாராணிக்குப் பொறுக்கவில்லை. உச்சரிப்பும் அர்த்தமும் சேர்ந்தே மோசமாக இருந்திருந்தால் சுதாராணியைப்போல அந்தப் பெண்ணைத் தாங்கியவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

பரீட்சை மாசிக் கடைசியில். மூன்று வாரம் இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமைப் போட்டியை நிறுத்திவிட்டு அவரவர் வீட்டிலிருந்தே படிப்பது என்று முடிவு செய்தார்கள். கடைசி நாள் மாடியிலிருந்து கடைக்கு இறங்கி வந்ததும் முத்துசெல்வி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அக்கா, மதுரையில வாங்கினீகளே அந்த வார்த்தைப் புஸ்தகம், ரெண்டு நாளைக்குத் தருவீகளா?”

“அது எனக்கு வேணுமேட்டி.”

கல்லாவிலிருந்து ராஜமணி குறுக்கே வந்தார். “முக்கியமானத மட்டும் எழுதிக் குடேம்மா. நம்மகிட்ட இருக்குத படிப்பு நாலு பேருக்கு ஆகட்டுமே.”

சரி என்று எழுதினாள். தீப்பெட்டி லேபிள் அடிக்கிற அச்சாபீஸில் கழித்துப் போட்ட தாள்கள் கடையில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். ஒரு பக்கம் மயில், மறுபக்கம் வெள்ளை. அவற்றைச் சீட்டு சீட்டாக வெட்டி, வெள்ளைப் பக்கத்தில் வார்த்தையும் தமிழில் அர்த்தமுமாக முந்நூறு எழுத உட்கார்ந்தாள். நூறு சீட்டு வரைக்கும் நேர்மையாகத்தான் போனது. ‘டோசைல்’ வந்தது. சாது, சொன்னபடி கேட்கிற. பேனா நின்றது. வேல்சாமி பத்திரம் நீட்டிய கை ஞாபகத்துக்கு வந்தது. ‘சொன்ன பேச்சு கேட்காத, முரண்டு பிடிக்கிற’ என்று எழுதினாள்.

எழுதிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள். கீழே பித்தளைச் சொம்பு விலை கேட்டு யாரோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு கை தானாகவே ஓடியது. அதிகம் பேசாதவனைக் குறிக்கிற ‘டாசிட்டர்ன்’ என்பதற்கு வாயாடி. ‘ஃப்ரூகல்’ என்றால் சிக்கனம், அதற்கு ஊதாரி. கூட்டத்தோடு சேர்ந்து வாழ்கிற ‘கிரிகேரியஸ்’ என்பதற்குத் தனித்துத் திரிகிற. பரீட்சைத் தாளில் அர்த்தமும் எதிர்ப்பதமும் அடுத்தடுத்து நிற்கும், ஆளைக் கவிழ்க்க இது போதும் என்று அவளுக்குத் தெரியும். மொத்தம் பதினோரு சீட்டு. அதற்குமேல் எழுதப் பயம் வந்துவிட்டது, இல்லையென்றால் முந்நூறையும் மாற்றியிருப்பாள்.

முத்துசெல்வி சீட்டுக் கட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். “இம்புட்டையும் உக்காந்து எழுதுனீகளாக்கா?” என்றபோது அவளுக்குக் கண் கலங்கியது. சுதாராணி பார்வையைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இனியாவது அவள் தன் படிப்பைப் பார்த்திருக்கலாம். புத்தகத்தைத் திறந்தால் முத்துசெல்விதான் தெரிந்தாள். இந்நேரம் எந்தச் சீட்டில் இருப்பாள்? சந்தேகப்பட்டிருப்பாளோ? பத்து நாள் இப்படியே போயிற்று. பதினோராம் நாள், கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தூத்துக்குடி பஸ் ஏறி எப்போதும்வென்றானில் போய் இறங்கினாள்.

பருத்தி வெடித்துக் கிடந்த நேரம். ஊருக்கு மேற்கே காட்டுப்பாதையில் முத்துசெல்வி ஆடுகளோடு நின்றது தூரத்திலேயே தெரிந்தது. சுதாராணி ஒரு உடைமரத்தின் பின்னால் ஒதுங்கினாள். எம்.ஏ. படித்தவள், பாத்திரக்கடை முதலாளி மகள், முள்ளுக்குள் ஒளிந்து நின்றாள். சொன்னால் யார் நம்புவார்கள்! கறுப்புக் கிடாய் ஒன்று பாதையை விட்டு அடுத்தவன் பருத்திக்குள் பாய்ந்தது. முத்துசெல்வி கம்பை ஓங்கிக்கொண்டு ஓடினாள்.

“ஏ டோசைல்! வெளிய வா! ஒரு சொல்லு கேக்குதா பாரு, சனியனே! ஏ டோசைல்!”

சுதாராணிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். இத்தனை நாளாக எரிந்துகொண்டிருந்த வயிறு அன்றைக்குத்தான் குளிர்ந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள், கால் வலியே தெரியவில்லை.

திருநெல்வேலியில் பரீட்சை. இங்கிலீஷ் தாளில் ஆறாவது கேள்வியே டோசைல்தான். சுதாராணிக்கு விடை தெரியும், குறித்தாள். குறித்துவிட்டுத் தலையைத் தூக்கினாள். நாலு வரிசை தள்ளி முத்துசெல்வியின் பின்னல் தெரிந்தது. இப்போது முரண்டு என்று குறித்திருப்பாள், இதோ பென்சிலை அழுத்துகிறாள், இதோ அடுத்த கேள்விக்குப் போகிறாள். பார்க்கப் பார்க்கச் சலிக்கவில்லை. மணி அடிக்கப் பத்து நிமிஷம் என்று அறிவித்தபோதுதான் தன் தாளைப் பார்த்தாள். கடைசி இரண்டு பக்கத்தை அவள் திருப்பியே இருக்கவில்லை.

வைகாசியில் முடிவு வந்தது. முத்துசெல்வியின் நம்பர் இருந்தது. சுதாராணியின் நம்பர் இல்லை.

மறுநாள் காலையிலேயே முத்துசெல்வி வந்துவிட்டாள். கடம்பூர் போளி ஒரு பொட்டலம் நிறைய. ராஜமணியின் காலில் விழுந்து எழுந்தாள். “எல்லாம் அக்கா எழுதிக் குடுத்த சீட்டுதான் மாமா” என்றாள். கடையில் நின்ற நாலு பேரும் சுதாராணியைப் பார்த்தார்கள். மகள் தேறாத வருத்தத்திலும் ராஜமணிக்கு முகம் கொள்ளாத பெருமை.

அவர் வியாபாரத்தின் பக்கம் திரும்பிய பிறகு முத்துசெல்வி அவளை மாடிப்படிப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனாள்.

“அக்கா, ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கப்படாது. அந்தச் சீட்டுல ஒண்ணுல தண்ணி பட்டு எழுத்து அழிஞ்சுபோச்சு. எட்டயபுரம் லைப்ரரியில டிக்சனரியப் பாக்கப் போனேன். அப்படியே மத்ததையும் பாத்தேன். பதினோரு வார்த்தைக்கு அர்த்தம் மாறிக் கெடந்துச்சுக்கா.”

சுதாராணி ஒரு படி பின்னால் ஏறினாள். வந்துவிட்டது, எல்லாம் வெளியே வரப்போகிறது என்று நினைத்தாள்.

“நான் யார்ட்டயும் மூச்சு விடலக்கா” என்றாள் முத்துசெல்வி, குரலை இன்னும் தாழ்த்தி. “உங்ககிட்டச் சொல்லவும் மனசு வரல. அவிய அம்புட்டுப் படிச்சவிய, தெரியலன்னு நான் போயி சொன்னா எம்புட்டுச் சங்கடப்படுவாகன்னு இருந்துட்டேன். இப்ப முடிவு வந்த பெறகுதான், பரீட்சைக்கு முன்னாடியே சொல்லியிருந்தா நீங்களும் தேறியிருப்பீகளேன்னு மனசு அறுக்குது. அடுத்த தடவைக்கு ஆகும்னு சரியான அர்த்தத்த எழுதியாந்திருக்கேன்.”

நோட்டில் கிழித்த ஒரு தாளை நீட்டினாள். பதினோரு வார்த்தை, பதினோரு அர்த்தம். டோசைல் முதலில் இருந்தது.

சுதாராணிக்கு உச்சந்தலைக்கு ரத்தம் ஏறியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அழுதிருந்தால் அவளும் அழுதிருப்பாள். தெரியவில்லையாம்! அவளுக்கு! டோசைல் என்றால் என்னவென்று!

“ஏட்டி, நில்லு. எனக்கு இந்தப் பதினொண்ணும் தெரியும். நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் உனக்கு மாத்தி எழுதுனேன். நீ தேறக்கூடாதுன்னு எழுதுனேன். பொறாமையில எழுதுனேன், போதுமா?”

முத்துசெல்வி அவளையே பார்த்தாள். பிறகு அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் கண்ணில் கோபம் துளிக்கூட இல்லை.

“விடுங்கக்கா. ஒண்ணு தெரியாமப் போறது பெரிய குத்தமா? அதை மறைக்கப் போயி இப்படியா உங்க மேலயே பழியப் போட்டுக்கிடுவீக? முந்நூறு சீட்டு கைவலிக்க எழுதுனவிய நீங்க. எனக்குத் தெரியாதா உங்க மனசு?”

“சத்தியமாச் சொல்லுதேன்ட்டி...”

“சரிக்கா, சரி” என்றாள் முத்துசெல்வி, பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. “பஸ்ஸுக்கு நேரமாச்சு. அடுத்த வாரம் வாரேன்.”

அவள் ராஜமணியிடம் சொல்லிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள். சுதாராணி படியில் உட்கார்ந்து அந்தத் தாளைப் பிரித்தாள். ஒரு தப்பாவது இருக்கும் என்று மேலிருந்து கீழே மூன்று தடவை வாசித்தாள். பதினொன்றும் சரியாக இருந்தன.