அக்கா கடையில் விலை ஏறாது

மைக்கைப் பார்த்துவிட்டால் தம்பிக்குக் கால் தரையில் நிற்காது. அதனாலேயே டயர் ஃபேக்டரியில் அவனுக்கு ‘மைக்கு’ என்று பேர். புது டயரில் முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பரைக் கத்தியால் சீவி, உள்பக்கம் தன் நம்பர் சீட்டை ஒட்டி அனுப்புவது அவன் வேலை. வேலை முடிந்தால் சங்கம், சங்கம் முடிந்தால் கூட்டம். வெளிநாட்டு சைக்கிள் டயர் மலிவாக வந்து குவிந்து, ஃபேக்டரியில் வாரத்தில் பாதி நாள் வேலை இல்லாமல் போனபோது, “வெளிநாட்டு டயருக்கு வரி போடு” என்று தொண்டை கிழியக் கத்தியவர்களில் அவன்தான் முதல் ஆள். அதை யார் தப்பென்று சொல்ல முடியும்? வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

கத்தியதற்குப் பலன் கிடைத்தது, வரி வந்தது. ஃபேக்டரி கேட்டில் மிட்டாய் கொடுத்தார்கள். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். போனானா? ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டான்.

“இந்த வரியை வெளிநாட்டுக்காரன்தான் கட்டுவான்! நம்ம ஜனங்களுக்கு ஒரு காசு ஏறாது! சந்தேகமா இருந்தா எங்க அக்கா கடையில போய்ப் பாருங்க. அங்க விலை ஏறாது, நான் கேரண்டி!”

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. அக்காவை ஒரு வார்த்தை கேட்டானா என்றால், அதுதான் இல்லை.

அக்காவின் டயர் கடை ஃபேக்டரிக்குப் போகிற சாலையிலேயே இருந்தது. உள்ளே கூரைக் கம்பியில் டயர்கள் வரிசையாகத் தொங்கும். நீளமான கொக்கிக் கம்பால் இறக்கித் தருவாள். வாசலில் அவள் வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியும் பசையுமாக உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுவார். மனுஷர் பேசுவதே அபூர்வம். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதிலேயே அவர் பொழுது போய்விடும்.

மறுநாள் காலை கடை திறப்பதற்குள் ஆள் நின்றது. “அக்கா, இங்க விலை ஏறாதாமே? மைக்கு சொன்னாரு.”

அவளுக்குத் திக்கென்றது. ஆனால் அடுத்த கணமே உள்ளுக்குள் ஒரு பெருமை. தூக்கி வளர்த்த தம்பி. இன்றைக்கு அத்தனை பேர் நடுவில் அக்கா என்று சொல்லியிருக்கிறான். “ஆமாம்பா, அதே விலைதான்” என்று சொல்லிக் கம்பை எடுத்தாள்.

இரண்டொரு வாரத்தில் மற்ற கடைகளில் விலை ஏறியது. அவ்வளவுதான், ஊரே இவள் கடைக்குத் திரும்பிவிட்டது. வியாபாரம் என்றால் அப்படி ஒரு வியாபாரம். கை வலிக்க வலிக்க டயர் இறக்கினாள். வீட்டுக்காரர் ஒரு நாள் அதிசயமாக வாயைத் திறந்தார்.

“வித்த காசுல மறுபடி இதே டயர் வருமான்னு பாத்துக்கோ.”

“பழைய விலைக்கு வாங்கின சரக்குங்க இது. பழைய விலைக்குத்தான் விக்கணும். ஏத்தி வித்தா என் தம்பி மூஞ்சிய எங்க வச்சுக்குவான்? உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?”

அவர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிவிட்டார். பாவம், அந்த மனுஷர் சொன்னதில் என்ன தப்பு? ஆனால் அவளுக்கு எப்போதுமே கூரை காலியான பிறகு மொத்தக் கடைக்குப் போய்த்தான் பழக்கம்.

கூரை காலியானது. மொத்தக் கடைக்குப் போனவள் விலையைக் கேட்டுவிட்டு, ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தாள். கல்லாவில் இருந்த காசுக்குப் பாதிச் சரக்குகூடத் தேறாது. யாரிடம் சொல்வாள்? தம்பியிடம் சொன்னால் அவன் பேச்சு பொய்யென்று சொன்ன மாதிரி ஆகிவிடும். வெறும் கொக்கிகளுக்குக் கீழே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாலையில் போகிற வாய்கள் சும்மா இருக்குமா? “சரக்க உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க. இன்னும் ஏறட்டும்னு காத்திருக்காங்க.” பழைய விலைக்கு இரண்டு டயர் வாங்கிப் போனவனே இதையும் சொன்னான்.

அந்தப் பேச்சு ஃபேக்டரிக்கும் போனது. தம்பி சைக்கிளை எறிந்துவிட்டுக் கடைக்குள் வந்தான்.

“எங்க வச்சிருக்க, அக்கா?”

“எதைடா?”

“டயரை! ஊரே சிரிக்குது. மைக்கோட அக்காவே பதுக்குறாங்கன்னு. நான் என்னன்னு பதில் சொல்றது?”

அவள் அழவில்லை. கத்தவும் இல்லை. எழுந்து போய்ப் பின்னறைக் கதவைத் திறந்து விட்டாள். காலி அட்டைப் பெட்டிகள், ஒரு துடைப்பம், வேறு ஒன்றும் இல்லை. அவன் உள்ளே எட்டிப் பார்த்தபடியே நின்றான்.

“அடுத்தவன் சொன்னா சொல்லிட்டுப் போறான். நீ கேட்டுட்டியேடா” என்றாள். “உன் சொல்லு கெட்டுடக் கூடாதுன்னு இருந்ததெல்லாம் வித்தேன். வா, வாங்குற விலை என்னன்னு நீயே வந்து கேளு.”

மொத்தக் கடை முதலாளி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். “வரியா? துறைமுகத்துல நான் கட்டினாத்தான் தம்பி சரக்கையே விடுவாங்க. அந்த நாட்டுக்காரனா வந்து கட்டுவான்? நான் உங்க அக்கா தலையில வைப்பேன், அவங்க வாங்குறவங்க தலையில வைக்கணும். உங்க அக்கா வைக்கல. இப்ப உங்க ஃபேக்டரி டயரும் அதே விலைக்கு ஏறிடுச்சு.”

“சரி, நம்ம ஃபேக்டரி டயருக்கு வரியே இல்லையே! அது ஏன் ஏறுச்சு?”

“மலிவா விக்க இனி ஆள் இல்ல. அப்புறம் உங்க முதலாளி எதுக்குப் பழைய விலைக்கு விக்கணும்? தர்மமா பண்றாரு?”

தம்பி அடுக்கிலிருந்து ஒரு டயரை எடுத்து உள்பக்கம் புரட்டினான். அவன் ஒட்டிய நம்பர் சீட்டு. அவன் கையால் சீவிய டயர். விலையை இன்னொரு தரம் கேட்டான். முதலாளி அதே விலையைத்தான் சொன்னார். இவ்வளவு நாள் இந்த டயரைக் கையில் வைத்திருந்தும் இதை யாரிடமும் கேட்கத் தோன்றவில்லையே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

கல்லாக் காசு அத்தனையும் போட்டு அக்கா வாங்கிய சரக்கை ஒரே நடையில் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்துவிட்டான். கூரையில் மாட்டினால் முக்கால்வாசிக் கொக்கி காலியாகவே இருந்தது. இந்தக் கொஞ்சமும் புது விலைக்குப் போனால்தான் கடை. பதுக்கினவள் என்று பேர் வாங்கியவளிடம் யார் புது விலை கொடுப்பார்கள்?

மறுநாள் ஷிஃப்டுக்குப் போகாமல் தம்பி கடையில் நின்றான். கொக்கிக் கம்பு அவன் கையில் இருந்தது. முதலில் வந்தவன் அவனோடு சீவுகிற கூட்டாளி. தேய்ந்த டயரோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தான். விலையைக் கேட்டவன் சிரித்தான்.

“என்ன மைக்கு, அக்கா கடையில ஏறாதுன்னு கேரண்டி குடுத்தியே?”

பின்னால் இன்னும் சிலர் நின்றார்கள். அக்கா கல்லாவைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். வீட்டுக்காரர் பசை டப்பாவைக் கீழே வைத்தார்.

“குடுத்தேன்” என்றான் தம்பி. மைக்கில்லாமல் அவன் குரல் சின்னதாக இருந்தது. “வரி வேணும்னு கேட்டது தப்பில்ல. அதனாலதான் உனக்கும் எனக்கும் வாரம் பூரா வேலை இருக்கு. வெளிநாட்டுக்காரன் கட்டுவான்னு சொன்னேன் பாரு, அது தப்பு. அவன் கட்டல. நீங்க பழைய விலைக்கு வாங்கிட்டுப் போன ஒவ்வொரு டயருக்கும் எங்க அக்கா கட்டுச்சு. கடையே காலி. அதைப் போய்ப் பதுக்கல்னு நானே கேட்டேன்.”

கூட்டாளி சிரிப்பை நிறுத்தினான். கூரையை அண்ணாந்து பார்த்தான். காலிக் கொக்கிகளைப் பார்த்தான். பிறகு சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டே, “அந்த ஓரத்துல தொங்குறத எறக்கு” என்றான்.

தம்பி கம்பை உயர்த்தினான். பழக்கமில்லாத கை, கொக்கி இரண்டு தரம் நழுவியது. அக்கா எழுந்து வந்து, அவன் கைக்கு மேல் தன் கையை வைத்துக் கம்பைப் பிடித்தாள். இருவருமாக டயரை இறக்கினார்கள்.