நிறுத்தத்துக்குப் பதினைந்து விநாடி

காலை ஓட்டம் முடிந்து பணிமனை ஓய்வறையில் உட்கார்ந்திருந்த எட்டாம் தடத்துப் பேருந்து ஓட்டுநரிடம், உடன் வேலை செய்பவர் கைபேசியை நீட்டினார்.

"உங்க தடம்தான்க்கா. கிழிகிழின்னு கிழிச்சிருக்காங்க."

பயணிகள் உட்காரும் முன்பே வண்டியைக் கிளப்பும் ஓட்டுநர்களுக்கு ஈவிரக்கமே இல்லை, அபராதம் போட்டால்தான் திருந்துவார்கள் என்று நாளிதழில் அரைப்பக்கக் கட்டுரை. பன்னிரண்டு வருடமாக வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கட்டுரையின் நடுவில் ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை ஒருவர் சொன்னதாக ஒரு வரி இருந்தது: 'ஏறினதும் எந்தக் கம்பி கையில கிடைக்குதோ, அதுதான் எனக்குச் சொந்தக்காரன்.'

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உலகத்தில் இப்படிப் பேசுகிற தையல் ஆசிரியை ஒருத்திதான். அவளுடைய மாமியார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தாள். நாளிதழின் ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல். விரல்கள் பறந்தன. பின்னால் மூக்குக்கண்ணாடியோடு மாமியார் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"'கட்டுரையில் இருப்பது அத்தனையும் பொய்'னு எழுதியிருக்க. நான் சொன்னதும் பொய்யா?"

"அத்தை! ஊர்ல வேற தடமே இல்லையா? என் தடத்தைப் பத்தியா சொல்லணும்?"

"பஸ் ஸ்டாப்ல ஒரு பொண்ணு வந்து கேட்டுச்சு, சொன்னேன். பேப்பர்ல போடும்னு நான் கண்டேனா? உன்னைச் சொல்லல. ஆனா போன வாரம் நீயே என்னை ஒரு ஆட்டு ஆட்டினியே, மறந்துட்டியா?"

மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி, நீ ஏன் அவ்வளவு அவசரமா எடுக்கிற? அதைச் சொல்லு."

"முப்பத்திரண்டு ஸ்டாப் அத்தை. மொத்தம் நாப்பத்தெட்டு நிமிஷம். யாருமே ஏறாத வண்டிக்கே நாப்பது ஆகுது. மிச்சம் எட்டு நிமிஷத்தைப் பங்கு போட்டுப் பாருங்க. ஒரு ஸ்டாப்புக்குப் பதினஞ்சு செகண்ட். லேட்டானா மேலாளர் ஓலை நீட்டுவாரு."

மாமியார் விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு, "அட பாவிகளா! இதை எழுதாம என்னத்தடி எழுதி வச்சிருக்க? அழி, எல்லாத்தையும் அழி" என்றார்.

அழித்தாள். இருவருமாக உட்கார்ந்து எழுதியதில் எட்டே வரி மிஞ்சியது. 'உங்கள் கட்டுரையில் வந்த பயணி சொன்னது உண்மை. நான் அவருடைய மருமகள்; அதே தடத்தின் ஓட்டுநர்' என்று தொடங்கியது கடிதம். பிறகு கணக்கு. கடைசியில், 'எங்களுக்கு அபராதம் கேட்பதற்கு முன் ஒரு நாள் கைக்கடிகாரத்தோடு என் வண்டியில் வாருங்கள்.' 'தயவுசெய்து' சேர்க்கலாமா என்று அவள் இழுத்தாள். "கூப்பிடுறோம், கெஞ்சல" என்றார் மாமியார். சேர்க்கவில்லை.

மறுநாள் மதியமே பதில் வந்தது. வியாழக்கிழமை, கட்டுரையை எழுதிய நிருபர் அவள் வண்டியில் ஏறினாள். முதல் மூன்று நிறுத்தங்கள் வரை கடிகாரத்தையும் குறிப்பேட்டையும் பிடித்திருந்தாள். நான்காவதில் ஆட்டம் தாங்காமல் இரண்டையும் பைக்குள் போட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கைத்தடியோடு ஒருவர் ஏறி உட்கார நாற்பது விநாடி ஆனதை வாய்விட்டே எண்ணினாள்.

அடுத்த வாரம் வந்த கட்டுரை அபராதத்தைப் பற்றிப் பேசவில்லை. கால அட்டவணையைப் பிடித்துக்கொண்டது. இரண்டு மாதம் இழுத்தடித்த நிர்வாகம், எட்டாம் தடத்துக்கு ஒன்பது நிமிடம் கூட்டிக் கொடுத்தது.

புதிய நேரம் அமலுக்கு வந்த அன்று மாமியார் அவள் வண்டியில் ஏறினார். அவர் சாவகாசமாக நடந்து, ஜன்னலோர இருக்கையைத் தேர்ந்தெடுத்து, புடவையைச் சரிசெய்து, பையை மடியில் வைக்கும் வரை அவள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள்.

"போலாமா அத்தை?"

"ம், எடு" என்றார் மாமியார், வண்டியே தன்னுடையது என்பதைப் போல.